எல்லா நகரத்துக்கும் ஒரே 992 யூரோ: ஜெர்மனியில் மாணவர் வாழ்க்கைச் செலவு

ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் இந்திய மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. நான் சென்ற 2021இல் அந்த மாதத் தொகை 861 யூரோவாக இருந்தது. 2023இன் தொடக்கத்தில் அது 934 ஆனது, 2024 செப்டம்பரில் 992 ஆனது. ஆண்டுக்கு 11,904 யூரோ. யூரோவின் மதிப்பு 100 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், ஒரு குடும்பம் விமான டிக்கெட்டுக்கு முன்பே புரட்ட வேண்டிய பணம் 12 லட்சம் ரூபாயை எட்டிவிட்டது. அந்தப் பணம் பெரும்பாலும் வங்கிக் கல்விக் கடனாக வருகிறது. இல்லாவிட்டால் அப்பாவின் பி.எஃப். பணமாகவோ, அடகுக்குப் போன நகையாகவோ வருகிறது.

நாடு முழுவதற்கும் அந்தத் தொகை ஒன்றே என்பதுதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். மியூனிக்கில் படிப்பவரும் 992 காட்ட வேண்டும், நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள கெம்னிட்ஸில் படிப்பவரும் அதையேதான் காட்ட வேண்டும். இரண்டு நகரங்களிலும் நான் வாழ்ந்திருக்கிறேன். கெம்னிட்ஸில் முதுநிலை படித்தேன், பிறகு தொழிற்பயிற்சிக்காகவும் ஆய்வேட்டுக்காகவும் மியூனிக்கில் இருந்தேன். அதனால்தானோ என்னவோ, ஒவ்வோர் ஆண்டும் அனுமதிக் கடிதங்கள் வரத் தொடங்கியதும், “அக்கா, எந்த சிட்டி சீப்?” என்று ஜூனியர்கள் கேட்டு எழுதுகிறார்கள். ஒரு நகரத்தின் பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. கடன் வாங்கிப் போகும் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் நிம்மதியாகப் படிப்பார்களா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. இந்திய மாணவர்கள் இன்று ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் மிகப் பெரிய குழுவினர். 2023/24 குளிர்கால செமஸ்டரிலேயே அவர்களின் எண்ணிக்கை 49,000ஐத் தாண்டிவிட்டது.

முதலில் அந்த 992 எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாஃபெக் என்பது, வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஜெர்மானிய அரசு தரும் படிப்பு உதவித்தொகை. படிப்பு விசாவில் வரும் இந்தியருக்குப் பொதுவாக அது கிடைக்காது. ஆனால் அதன் உச்ச அளவையே விசாவுக்கான அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 2024/25 குளிர்கால செமஸ்டரிலிருந்து அந்த உச்ச அளவில் அடிப்படைத் தேவைக்கு 475 யூரோ, வாடகைக்கு 380, மருத்துவ, பராமரிப்புக் காப்பீடுகளுக்கு 137 என்று பிரித்திருக்கிறார்கள். கூட்டினால் 992 வரும். இவற்றில் 475ஐயும் 137ஐயும் நாடு முழுவதற்கும் ஒன்றாக வைப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. 380ஐ அப்படி வைப்பதில் இல்லை.

சாப்பாட்டுச் செலவு நகரத்துக்கு நகரம் பெரிதாக மாறுவதில்லை என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆல்டி, லிடில், நெட்டோ போன்ற மலிவு விலைக் கடைகள் கிட்டத்தட்ட எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. பாலும் முட்டையும் வெங்காயமும் மியூனிக்கிலும் கெம்னிட்ஸிலும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் கிடைக்கின்றன. வீட்டில் சமைத்து, மதியம் பல்கலைக்கழக உணவகமான மென்சாவில் சாப்பிடும் ஒருவர் எந்த நகரத்திலும் மாதம் 200 யூரோவை ஒட்டிச் சமாளித்துவிடலாம். நம்மவர்களுக்கு ஒரு சிறு வேறுபாடு உண்டு. 1980களிலிருந்து வந்து குடியேறிய ஈழத் தமிழர்கள் பெரும்பாலும் நாட்டின் மேற்குப் பகுதியில், குறிப்பாக ரூர் வட்டாரத்து நகரங்களில் வாழ்கிறார்கள். அங்கெல்லாம் பொன்னி அரிசியும் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் விற்கும் தமிழ்க் கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிழக்கில் அந்த வசதி குறைவு. நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து பெரிய அரிசி மூட்டைகளை இணையத்தில் வரவழைத்துப் பங்கிட்டுக் கொள்வோம். ஆனால் இது மனநிறைவு சார்ந்த வேறுபாடு, மாதக் கணக்கைப் புரட்டிப் போடுகிற ஒன்றல்ல.

காப்பீடும் அப்படித்தான். 30 வயதுக்கு உட்பட்ட மாணவருக்கான பொது மருத்துவக் காப்பீடு 2025இல் மாதம் 140 யூரோவைத் தாண்டியது. நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் ஏறக்குறைய அதே தொகைதான். ஒரு காலத்தில் நகரத்துக்கு நகரம் மாறிய போக்குவரத்துச் செலவும் இப்போது சமமாகி வருகிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு, 2025இல் 58 ஆகவும் 2026இல் 63 ஆகவும் உயர்ந்தாலும், பல பல்கலைக்கழகங்கள் அதை 60 விழுக்காட்டு விலைக்கு செமஸ்டர் கட்டணத்துடன் சேர்த்துத் தந்துவிடுகின்றன. அதிவிரைவு ரயில்களைத் தவிர நாடு முழுவதும் எந்த வட்டார ரயிலிலும் பேருந்திலும் அதை வைத்துக்கொண்டு செல்லலாம். மியூனிக்கில் படித்துக்கொண்டே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள அவுக்ஸ்பூர்கில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு இது கைகொடுக்கிறது.

ஆக, நகரம் மாறினால் உண்மையில் மாறுவது வாடகைதான். மோசஸ் மெண்டல்சோன் நிறுவனம் வேகே-கெசூக்ட் என்ற அறை விளம்பரத் தளத்துடன் சேர்ந்து, பகிர்வு வீடுகளில் ஓர் அறையின் சராசரி வாடகையை ஒவ்வொரு செமஸ்டரிலும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2024/25 குளிர்கால செமஸ்டரில் நாட்டின் சராசரி 489 யூரோ, மியூனிக்கின் சராசரி 790. பட்டியலின் அடித்தட்டில் கெம்னிட்ஸ் 300 யூரோவுக்கும் கீழே இருந்தது. அரசு வாடகைக்கென ஒதுக்கும் 380ஐ இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கெம்னிட்ஸ் மாணவருக்கு வாடகை போக மிச்சம் இருக்கிறது. மியூனிக் மாணவருக்கோ வாடகை கொடுத்த பிறகு 992இல் எஞ்சுவது 202 யூரோ. காப்பீட்டுத் தொகையையும் கழித்தால் 60 யூரோ அளவில் நிற்கிறது. அந்தப் பணத்தில் ஒரு மாதம் சாப்பிட முடியாது. இப்படிப்பட்ட ஓர் அளவுகோலை “வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான தொகை” என்று விசா விண்ணப்பத்தில் நிறுவச் சொல்வது, நிறுவுகிறவரையே பின்னர் ஏமாற்றத்துக்கு உள்ளாக்குகிறது என்று நான் கருதுகிறேன். நம் ஊர் கன்சல்டன்சிகளும் இந்தத் தொகையையே “மாதச் செலவு” என்ற தலைப்பின் கீழ் அச்சிட்டுக் கொடுப்பதால், பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள்.

கெம்னிட்ஸ் ஏன் இவ்வளவு மலிவு என்று அங்கே இருந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று அழைக்கப்பட்ட அந்தத் தொழில் நகரத்தில் ஒரு காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு ஆலைகள் மூடப்பட்டன, இளைஞர்கள் வேலை தேடி மேற்கே போனார்கள், அவர்களுக்காகக் கட்டப்பட்ட கான்கிரீட் பலகைக் குடியிருப்புகள் காலியாகின. இன்று அங்கே சுமார் இரண்டரை லட்சம் பேர்தான் இருக்கிறார்கள். கிழக்கு மாநிலங்களில் ஆளில்லாத அடுக்குமாடிகளை இடிப்பதற்கென்றே 2002இல் அரசு ஒரு நகரச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நான் மாதம் 250 யூரோவுக்குள் ஒரு தனி அறையில், மரங்கள் தெரியும் சாளரத்தோடு நிம்மதியாகப் படித்ததற்குப் பின்னால், ஒரு தலைமுறை அந்த ஊரை விட்டு வெளியேறிய வரலாறு இருக்கிறது. அதை அறிந்த பிறகு, எங்கள் தளத்தில் தனியாக வசித்த முதியவர்களோடு கொஞ்சம் நின்று பேசக் கற்றுக்கொண்டேன். என் ஜெர்மன் மொழி அங்கேதான் வளர்ந்தது.

அந்த மலிவு நிலையானதும் அல்ல. 2000ஆம் ஆண்டையொட்டி, அதே கிழக்கில் உள்ள லைப்சிகிலும் பல்லாயிரம் வீடுகள் காலியாகக் கிடந்தன. கலைஞர்களும் மாணவர்களும் விரும்பிக் குடியேறிய நகரமாக அது மாறியது. மக்கள் தொகை ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாடகையும் கூடவே ஏறிவிட்டது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு படித்து முடித்த ஒருவர் “லைப்சிக் சீப் சிட்டி” என்று சொல்லும் அறிவுரை இன்று அப்படியே பொருந்தாது.

சிறிய நகரம் என்றால் மலிவு என்ற எண்ணத்தையும் நான் பல ஜூனியர்களிடம் பார்க்கிறேன். ட்யூபிங்கனில் வாழ்வோர் ஒரு லட்சம் கூட இல்லை. ஆனால் அவர்களில் மாணவர்களின் பங்கு மிகப் பெரியது, அறைகளோ குறைவு. ஆஹனில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள், நகரத்தின் மொத்த மக்கள் தொகையே இரண்டரை லட்சம்தான். கெம்னிட்ஸும் ஏறக்குறைய அதே அளவு நகரம். அக்டோபர் மாதத்தில் ஆஹனில் ஓர் அறைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நகரத்தின் பரப்போ மக்கள் தொகையோ சொல்லாது. ஓர் ஊரில் எத்தனை மாணவர்களுக்கு எத்தனை அறைகள் இருக்கின்றன, அந்த ஊருக்கு வேலைக்காக வந்து மாணவர்களோடு போட்டி போடுகிறவர்கள் எத்தனை பேர் என்பவையே வாடகையைத் தீர்மானிக்கின்றன.

மியூனிக் சென்ற பிறகு இதைவிடக் கூர்மையான ஓர் உண்மை எனக்குப் புரிந்தது: நகரங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே நகரத்துக்குள் இருக்கும் இரண்டு மாணவர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரிதாக இருக்க முடியும். அரசு மானியத்துடன் மாணவர் சேவை அமைப்பு நடத்தும் விடுதிகளை வோன்ஹைம் என்பார்கள். மியூனிக்கில் 1972 ஒலிம்பிக் போட்டியின்போது வீராங்கனைகள் தங்கிய பகுதி பின்னர் மாணவர் குடியிருப்பாக மாறியது. பிற்காலத்தில் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு தனி வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஒரு செமஸ்டர் வெளிநாடு சென்ற மாணவி ஒருவர், விடுதி நிர்வாகத்தின் அனுமதியோடு, அவற்றில் ஒன்றைத் தற்காலிக வாடகைக்கு எனக்குக் கொடுத்தார். 400 யூரோவுக்கும் குறைவு. என்னோடு அதே பயிற்சியில் இருந்த தோழி ஒருத்தி, நகரத்தின் விளிம்பில், ரயில் நிலையத்திலிருந்து பேருந்து பிடித்துப் போக வேண்டிய தனியார் வீட்டின் ஓர் அறைக்கு அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே காலத்தில் லைப்சிகில் தனியார் அறையில் இருந்த நண்பர் என்னைவிடக் கூடுதலாகவே வாடகை கட்டினார். அதாவது, நாட்டின் மிக விலை உயர்ந்த நகரத்தில் இருந்த நான், மலிவான நகரம் என்று பெயர் பெற்ற ஊரில் இருந்தவரைவிடக் குறைந்த செலவில் வாழ்ந்தேன். அதை என் திறமை என்று சொல்ல மாட்டேன். அந்த வீடு கிடைத்தது நற்பேறு.

அந்த நற்பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதுதான் கவலைக்குரியது. ஜெர்மனி முழுவதும் பார்த்தால் மாணவர்களில் பத்தில் ஒருவருக்குக் கூட இத்தகைய விடுதி இடம் கிடையாது. இருக்கிற இடங்களும் சீராகப் பராமரிக்கப்படுவதில்லை. மியூனிக்கின் ஃப்ரைமான் பகுதியில் உள்ள மாணவர் நகரம் நாட்டின் மிகப் பெரிய மாணவர் குடியிருப்புகளில் ஒன்று. 2021இல் அதன் ஓர் உயர்மாடிக் கட்டடத்தில் தீ விபத்து நேர்ந்து உயிரிழப்பும் ஏற்பட்டது. அதன் பின் பாதுகாப்புக் குறைபாடுகள் காரணமாக வேறு கட்டடங்களும் காலி செய்யப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அறை தேடி அலைந்த மாணவர்கள் அந்தக் கட்டடங்களைக் கடந்துதான் சுரங்க ரயிலில் ஏறினார்கள். நகரின் சராசரி வாடகை 790 வரை ஏறியதற்கு இந்தப் பூட்டிய அறைகளும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இனி வேலை. மியூனிக் ஆதரவாளர்கள் எப்போதும் முன்வைக்கும் வாதம் இது: வாடகை அதிகம் என்றாலும் பகுதிநேர வேலை எளிதாகக் கிடைக்கும், சம்பளமும் அதிகம். இதில் உண்மை உண்டு. வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய 2024 மார்ச்சிலிருந்து அனுமதி உண்டு. மியூனிக்கின் பெரிய நிறுவனங்களில் பொறியியல் மாணவருக்கு, வெர்க்ஸ்டூடன்ட் எனப்படும் பணியில், மணிக்கு 15 யூரோவுக்கு மேல் கிடைப்பது இயல்பானது, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கும் வாய்ப்பு இருக்கிறது. கெம்னிட்ஸில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவது கடினம். கிடங்கு வேலையோ உணவக வேலையோ கிடைத்தாலும் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கும்.

ஆனால் வாடகையை யூரோவில் எண்ணாமல் வேலை நேரத்தில் எண்ணிப் பாருங்கள். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. அந்த ஊதியத்தில் 790 யூரோ சம்பாதிக்க ஏறத்தாழ 62 மணி நேரம் உழைக்க வேண்டும். 300 யூரோவுக்கு 24 மணி நேரம் போதும். மியூனிக்கில் மணிக்கு 16 யூரோ கிடைத்தாலும் வாடகைக்கு மட்டும் 49 மணி நேரம் போய்விடுகிறது, அதிலும் ஓய்வூதியப் பங்களிப்பாக 9.3 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். அதாவது அதிகச் சம்பளம் வாடகை வேறுபாட்டை ஈடுகட்டுவதில்லை, ஓரளவு குறைக்கிறது. மாதத்தில் கூடுதலாகப் போகும் அந்த 25 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்திலிருந்தும் நூலகத்திலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வருகிறது. முதல் இரண்டு செமஸ்டர்களில் பாடங்கள் கடுமையாக இருக்கும்போது வேலையை நம்பி வாடகையைத் திட்டமிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேர்வு தவறினால் படிப்பு ஒரு செமஸ்டர் நீளும், நீண்ட ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஆறு மாத வாழ்க்கைச் செலவு கூடும். வாடகையில் மிச்சப்படுத்தியதில் ஒரு பெரிய பங்கை அதுவே விழுங்கிவிடும்.

கல்விக் கட்டணத்தையும் நகரத்தின் செலவோடு சேர்த்தே பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இன்னும் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும். ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017/18இலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது; ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் ஆகியவற்றுக்குச் செல்பவர் தம் வாடகையோடு மாதம் 250 யூரோவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024/25இலிருந்து புதிதாகச் சேரும் இத்தகைய முதுநிலை மாணவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்கத் தொடங்கியிருக்கிறது. உதவித்தொகைகளும் விலக்குகளும் உண்டு, ஆனால் அவை எல்லோருக்கும் உரியவை அல்ல. அங்கே இடம் கிடைத்த மகிழ்ச்சியில் எழுதுகிற ஜூனியரிடம் இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கணக்குகளையும்விட அதிகம் கவனிக்கப்படாதது முதல் மாதம். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து முதல் 992 வர, ஜெர்மானிய வங்கிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குப் பல வங்கிகள் நகர அலுவலக முகவரிப் பதிவைக் கேட்கின்றன. பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் கையொப்பம் வேண்டும். அதற்குள் வீட்டு உரிமையாளருக்கு அட்வான்ஸாகத் தரும் வைப்புத் தொகையும் முதல் வாடகையும் கட்டியாக வேண்டும். வெப்பமூட்டும் செலவும் தண்ணீரும் சேராத வாடகையைக் கால்ட்மீட்டே என்பார்கள். வைப்புத் தொகை அதைப் போல மூன்று மடங்கு வரை இருக்கலாம். மியூனிக்கில் ஒரு தனியார் அறைக்கு இது எளிதாக 2,000 யூரோவை நெருங்கும். கெம்னிட்ஸ் விடுதியில் சில நூறு யூரோவோடு முடிந்துவிடும். இந்தப் பதற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சென்னையில் இருந்தபடியே இப்படி வைப்புத் தொகையை இழந்தார். அவர் அதை வீட்டில் சொல்லவே இல்லை, முதல் செமஸ்டர் முழுவதும் நண்பர்களின் அறைகளில் மாறி மாறித் தங்கிச் சமாளித்தார்.

அதனால் இப்போதெல்லாம் எனக்கு எழுதுகிறவர்களிடம், நகரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன்: அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே விடுதிக்கு விண்ணப்பித்தீர்களா, கிடைத்திருக்கும் அறையில் முகவரிப் பதிவு செய்ய அனுமதி உண்டா, முதல் இரண்டு மாதங்களுக்கு பிளாக்டு அக்கவுண்டைத் தொடாமல் கையில் பணம் இருக்கிறதா. பல ஊர்களில் அனுமதிக் கடிதம் இல்லாமலே விடுதிக் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். வைப்புத் தொகையை ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 551ஆம் பிரிவு, அதை மூன்று சமமான மாதத் தவணைகளில் செலுத்தும் உரிமையை வாடகைதாரருக்குத் தருகிறது. முதல் தவணையை குடியேறும்போது கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்காவிட்டாலும் கேட்கலாம்.